தாடைக்குள் நீர்க்கட்டி: டெல்டா வாசகர்கள் கேட்டவை

அண்ணனுக்குக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த கட்டியை எடுத்து இரண்டு வருடமாகிறது. வலியே இல்லை. வருடா வருடம் எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்கிறார்கள். அறுவடை நேரத்தில் அலையத்தான் வேண்டுமா? (மன்னார்குடி)

அறுவடை முடியட்டும், ஆனால் போயே ஆகவேண்டும். நீங்கள் அனுப்பிய பயாப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் இருப்பது ‘ஓடன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட்’, பல் உருவாகும் திசுவிலிருந்து தாடைக்குள் வரும் ஒரு வகைக் கட்டி. பேர்தான் நீர்க்கட்டி, திறந்தால் உதிர்த்த பனீர் (பால்கட்டி) மாதிரி வெள்ளையாக இருக்கும். அதன் உறை வெங்காயச் சருகு போல மெல்லியது. உரிக்கும்போது கிழிந்து ஒரு துணுக்கு எலும்பில் ஒட்டிக்கொண்டால், அதிலிருந்தே மறுபடி வளரும். அதனால்தான் குழிக்குள் மருந்து வைப்பதும், சுற்று எலும்பைக் கொஞ்சம் ராவிவிடுவதும். அப்படியும் திரும்பலாம். பெரும்பாலும் முதல் 5 வருடத்துக்குள் தெரிந்துவிடும். 10 வருடம் கழித்து வந்ததும் உண்டு. எலும்புக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நீளும், கன்னம் சீக்கிரத்தில் வீங்காது. வலி வரட்டும் என்று இருந்தால் பாதித் தாடையை அரித்த பிறகுதான் தெரியும்.

ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். கையில் வெறும் மாத்திரைச் சீட்டோடு வருபவர்களிடம் எந்தக் கட்டி என்று எப்படிச் சொல்வது?

பழைய ரிப்போர்ட்டில் ‘ட்யூமர்’ என்று இருக்கிறதே? (நாகப்பட்டினம்)

உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இந்தக் கெரட்டோசிஸ்டை ட்யூமர் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் மறுபடி சிஸ்ட் (நீர்க்கட்டி) ஆக்கிவிட்டது. புற்றுநோய் என்று பதற வேண்டாம்.

14 வயது மகளுக்கு மூன்று இடத்தில் கட்டி. ஒன்றில் குழாய் வைத்திருக்கிறார்கள். எப்போது எடுப்பார்கள்? (கும்பகோணம்)

பல மாதம் ஆகலாம். பெரிய கட்டியைச் சுருக்கி, நரம்பையும் பல்லையும் காப்பாற்றத்தான் குழாய். தினமும் சொன்னபடி சலைனைச் சிரிஞ்சில் ஏற்றிக் கழுவுங்கள். சோற்றுப் பருக்கை அடைத்தால் நாறும். சுருங்கிய பிறகு மிச்சத்தை எடுப்பார்கள்.

சின்ன வயதில் ஒன்றுக்கு மேல் இருந்தால் கார்லின் சிண்ட்ரோமாக, அதாவது பரம்பரையாக வரக்கூடிய ஒரு கோளாறாக, இருக்கலாம். உள்ளங்கையில் ஊசிமுனைக் குழிகள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் கேளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லலாம்.

குழாய் இருக்கும்போது வெற்றிலை போடலாமா? (திருவையாறு)

கூடாது. எடுத்த பிறகும் பாக்கு, புகையிலை வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கீழுதடு மரத்துப்போயிருக்கிறது. (மயிலாடுதுறை)

தாடைக்குள் ஓடும் நரம்பு அசைந்திருக்கும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. அதுவரை டிகிரி காபியை விரலால் தொட்டுப் பார்த்துக் குடியுங்கள். உதடு வெந்தாலும் தெரியாது.