தண்டுவடம் அடிபட்டவருக்கு முதலில் எடை குறைந்து, பிறகு ஏறுவது ஏன்?

மதுரையில் சக்கர நாற்காலியில் இருக்கும் உங்கள் அண்ணன் முன்பு போலவே சாப்பிடுகிறார், ஆனாலும் இரண்டு வருடமாக எடை ஏறுகிறது என்கிறீர்கள். அந்த 'முன்பு போலவே'தான் சிக்கல். அடிபட்ட முதல் சில மாதங்களில் செயலிழந்த கால்களின் தசை கரையும், எடை இறங்கும். வீட்டில் பயந்துபோய் இன்னும் ஊட்டுவார்கள்! தசை குறைந்தால் உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் குறையும். ராத்திரி நாலு பரோட்டா, சால்னா, அப்புறம் ஒரு ஜிகர்தண்டா என்ற பழைய கணக்கு வயிற்றில் கொழுப்பாகத் தங்கிவிடும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு 22-ஐயே எல்லையாக வைப்பதுண்டு.

எடை பார்க்க மளிகை மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு போதும். நாற்காலியோடு ஒருமுறை, வெறும் நாற்காலி ஒருமுறை, கழித்துக்கொள்ளுங்கள். நாற்காலி மெத்தை இரண்டு தடவையும் இருக்கட்டும். எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி போடாதீர்கள், புரதம் குறைந்தால் படுக்கைப்புண் லேசில் ஆறாது.