காற்றில் பறக்கும் சேலையைக் கமராக்களால் அப்படியே முப்பரிமாணத்தில் பிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் வெற்றுத் துணி சரிவராது. காலிமுகத்திடல் காற்றில் பறக்கும் வெள்ளைச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளி மாதிரியே இருக்கும். ஒரு கமராவில் தெரியும் இடம் மற்றதில் எது என்று கணினிக்குப் பிடிபடாது.

அதனால் துணியிலேயே அடையாளம் அச்சிடுவார்கள். 2007இல் ரயன் வைட், கீனன் கிரேன், டேவிட் ஃபோர்சைத் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல நிற முக்கோணங்களை அச்சிட்டார்கள். ஒரு முக்கோணத்தின் நிறமும் சுற்றியுள்ள நிறங்களும் சேர்ந்து அது துணியின் எந்த இடம் என்று காட்டிக்கொடுக்கும். இரண்டு கமராக்களில் தெரிந்தால் போதும், அது முப்பரிமாணத்தில் எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம்.

பெரிய தலைவலி மடிப்புதான். கொசுவத்துக்குள் போன பகுதி எந்தக் கமராவுக்கும் தெரியாது. அந்த ஓட்டையை மற்ற ஃபிரேம்களில் துணி இருந்த வடிவத்தை வைத்து நிரப்ப வேண்டும்.

நீங்களே செய்து பார்ப்பதென்றால் புறக்கோட்டையில் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் சீத்தையை வாங்காதீர்கள், கணினி குழம்பிவிடும்.