கேளுங்க அக்கா: தீவுல ஒரு கொலை நடந்தா

போன இதழ்ல ஒரு ஐஸ்லாந்து நாவல் பத்தி எழுதியிருந்தேன். விக்டர் ஆர்னர் இங்கோல்ஃப்சன் 2002ல எழுதினது, 1960ல ஃப்ளாட்டேங்கிற குட்டித் தீவுல நடக்கிற கதை, சீல் வேட்டைக்குப் போனவங்க பக்கத்துல ஒரு திட்டுல பிணத்த பாக்குறாங்க, அங்கேந்து ஆரம்பிக்குது. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நான் நெனைக்கவே இல்ல, அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதுக்கே.

அக்கா, அம்பது பக்கம் தாண்ட முடியல. எல்லாரும் மெதுவா பேசுறாங்க, காபி குடிக்கிறாங்க. கடைசிப் பக்கத்த பாத்துட்டு மூடி வெச்சிரலாமா?
வாசகி, ரோஸ் ஹில்

தாராளமா பாருங்க, பாவம் ஒன்னும் இல்ல. ஆனா பாத்தாலும் கதை கெடைக்காதும்மா. யாரு கொன்னாங்கறது அதுல ஒரு பங்குதான். கொன்னவரு, விசாரிக்கிறவரு, செத்தவரோட அம்மா, மூணு பேரும் நாளைக்கும் அதே கடையிலதான் ரொட்டி வாங்கணும், மிச்சக் கதையெல்லாம் அதுலதான் இருக்கு. பட்டணத்துல கொலை நடந்தா போலீஸ் தெரியாத ஒருத்தன தேடுது, தீவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தன தேடுது.

எனக்கு இது புரிஞ்சது ரொட்ரிகஸ் தீவுல. இங்க மொரிஷியஸ்லேந்து 560 கிலோமீட்டர், கப்பல்ல ஒன்றரை நாள். போர்ட் மாத்துரேன் துறைமுகத்துல எறங்கினப்போ கரையில நின்னவங்க ஒவ்வொரு முகமா பாத்தாங்க, யார் வீட்டுப் புள்ள, யாரு புதுசுன்னு. மறுநாள் காலையில கடலோரத்துல ஒரு அம்மா ஊரித்த, அதான் ஆக்டோபஸ, எட்டுக் காலும் விரிச்சு கம்புல மாட்டி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க, கையெல்லாம் உப்பு பூத்திருந்துச்சு. நான் வாய தொறக்குறதுக்கு முன்னாடியே அவங்க, நீங்கதானே மேட்டு வீட்டுல தங்கியிருக்கிறது, ராத்திரி ஜன்னல சாத்தாம தூங்கிட்டீங்களேன்னு கேட்டாங்க. அன்பாத்தான் கேட்டாங்க, ஆனா எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. இந்த மாதிரி ஊர்ல ஒருத்தர் ஒரு பொய்ய எத்தன வருஷம் காப்பாத்த முடியும், காப்பாத்துறவங்க மனசு என்ன பாடுபடும்னு அன்னிக்கு முழுக்க அதே யோசனை.

ஊர் வாய மூட உலைமூடி இல்லம்பாங்க. இந்த நாவல்கள்ல ஊரே சேந்து தன் வாய மூடிக்குது, எனக்கு பயமே அங்கதான். அதனால அவங்க காபி ஊத்துறப்போ எத சொல்லாம ஊத்துறாங்கன்னு கவனிச்சு படிங்க. அப்புறம் கீழ வைக்க மனசு வராது.

ஐஸ்லாந்து, ஸ்வீடன் மாதிரி அந்த வடக்கு நாடுகள்ல கொலையே ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் இவ்ளோ கொலைக் கதை?
வாசகர், போ பாஸ்ஸேன்

கம்மியா இருக்கிறதாலதான். ஐஸ்லாந்துல ரோந்து போற போலீஸ் துப்பாக்கி வெச்சிக்கிறது வழக்கம் இல்ல. அங்க போலீஸ் சுட்டு முதன்முதலா ஒருத்தர் செத்தது 2013ல, போலீஸ் தலைவரே வெளிப்படையா வருத்தம் சொன்னார். ஒரு சாவு அங்க அவ்ளோ கனமா விழுது. நம்ம பத்திரிகைக் கதைகள்ல ரெண்டாவது பக்கத்துலயே மூணு பேர் செத்துர்றாங்க, நமக்கு கண்ணுல தண்ணி வர்றதில்ல.

இன்னொன்னும் இருக்கு. ஸ்வீடன்ல மாய் ஹுவால், பேர் வாலோன்னு ஒரு ஜோடி 1965லேந்து 1975 வரைக்கும் பத்து நாவல் சேந்து எழுதினாங்க. எல்லாருக்கும் வீடு, படிப்பு, வைத்தியம்னு பெருமையா பேசுற நாட்டுல யாரு வெளிய விடுபட்டுப் போறாங்கன்னு கேக்கத்தான் கொலைய எடுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 1986ல அந்த நாட்டுப் பிரதமர் ஒலொஃப் பால்மவ நடுத்தெருவுல சுட்டுட்டாங்க, சினிமா பாத்துட்டு சம்சாரத்தோட நடந்து வந்துக்கிட்டு இருந்தவர். யாரையும் தண்டிக்காமலே 2020ல கேச மூடிட்டாங்க. அந்தக் காயத்தோட ஒரு தலைமுறையே எழுத வந்துச்சு.

எந்தப் புத்தகத்த எடுத்தாலும் இருட்டு, மூடுபனி. வேற சீனே கெடையாதா?
வாசகி, க்யூர்பிப்

க்யூர்பிப்லேந்தே இந்தக் கேள்வியா! உங்க ஊர் ஜூலை மாசத்து பனிய அப்படியே நாலு மாசம் நீட்டிப் பாருங்க. ரேக்யவிக்ல டிசம்பர் கடைசியில வெளிச்சம் நாலு மணி நேரம்தான், ஸ்வால்பார்ட் தீவுல லாங்யீர்பியன் ஊர்ல அக்டோபர் கடைசியிலேந்து பிப்ரவரி நடு வரைக்கும் சூரியனே மேல வராது. ஸ்வீடன்ல ஓலாந்துன்னு ஒரு தீவு, அங்க ஒரு சின்னப் பையன் மூடுபனியில தோட்டத்துச் சுவர ஏறி அந்தப் பக்கம் குதிக்கிறான், அவ்ளோதான், காணோம். யொஹான் தியோரின் 2007ல எழுதினது. உங்க வீட்டு மூங்கில் வேலி பத்தடியில மறைஞ்சுபோற ஒரு சாயங்காலம் அத படிங்க.

பேரெல்லாம் குழப்புது. யாரு யாருக்கு என்ன உறவுன்னே புரியல.
ஆசிரியர், கத்ர போர்ன்

ஐயா, ஐஸ்லாந்துல பெரும்பாலானவங்களுக்கு குடும்பப் பேர் கெடையாது, அப்பா பேர்தான். எழுத்தாளர் அர்னல்துர் இந்த்ரிதாசன்னா இந்த்ரிதியோட மகன் அர்னல்துர், மகளா இருந்தா தோத்திர்னு முடியும். தமிழ்நாட்டு இனிஷியல் மாதிரிதான். டெலிபோன் டைரக்டரி கூட முதல் பேர் வரிசையிலதான் போட்டாங்க. நமக்கு இது விட்டுப்போச்சு, கப்பல்லேந்து எறங்கின பாட்டனோட ஒத்தப் பேர, ஆறுமுகம், வீராசாமின்னு குமாஸ்தா காதுல விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துல எழுதி அதுவே நமக்கு குடும்பப் பேரா நின்னுடுச்சு. ஒரு துண்டுப் பேப்பர்ல அப்பன் பேரையும் புள்ள பேரையும் குறிச்சு வெச்சிக்கிட்டு படிங்க. யாரு மகன்ங்கறது பேர்லயே இருக்கிற ஊர்ல அப்பன் பேர சொல்லத் தயங்குற ஆள் வந்தா உஷாராயிடுங்க.

பொம்பளைங்கள இவ்ளோ கொடுமை பண்றத ஏன் இப்படி விவரமா எழுதுறாங்க? பாதியில நிறுத்திட்டேன்.
வாசகி, வாக்வா

நிறுத்தினது தப்பே இல்ல. ஸ்டீக் லார்சனோட முதல் நாவலுக்கு 2005ல ஸ்வீடன்ல வெச்ச பேரே பெண்களை வெறுக்கும் ஆண்கள்னுதான், 2006ல பிரெஞ்சுலயும் கிட்டத்தட்ட அதே அர்த்தத்துல விட்டாங்க, இங்கிலீஷ்ல போறப்போதான் பச்சை குத்தின பொண்ணுன்னு மாத்திட்டாங்க. பொம்பளைங்களுக்கு நடக்கிற கொடுமை மேல அவருக்கு இருந்தது கோபம். ஆனா அந்தக் கோபம் இல்லாம அந்த ரத்தத்த மட்டும் காப்பி அடிச்சவங்க நெறைய, அவங்கள நானும் படிக்கிறதில்ல. செத்தவளுக்கு பிடிச்ச பாட்டு என்னன்னு சொல்லாத எழுத்தாளர் அவ உடம்ப மட்டும் மூணு பக்கம் காட்டினா, புத்தகத்த மூடிடுங்க.

அக்கா, ரொட்ரிகஸ்ல நடக்கிற மாதிரி ஒரு மர்மக் கதை எழுதுறேன். ஆனா இப்ப பிளேன் இருக்கு, போன் இருக்கு, நெட் இருக்கு. தீவ எப்படி தனியா பிரிக்கிறது?
மாணவர், மாயேபூர்

தம்பி, உன் கடுதாசிக்காகத்தான் இந்தப் பக்கத்த எழுதவே உக்காந்தேன். அவங்க பனிப்புயல வெச்சிக்கிட்டு இருக்காங்க, உன் கையில சிக்லோன், நம்ம சூறாவளி, இருக்கே! க்ளாஸ் 3 புயல் எச்சரிக்கை அறிவிச்சாச்சுன்னா ஏர்போர்ட் மூடிடும், கடை மூடிடும், கரண்ட் போயிடும், டவர் விழுந்தா போனும் போச்சு. எல்லாரும் வீட்டுக்குள்ள. அதாவது தீவுல இருக்கிற அத்தன பேருக்கும் ஒரே பதில், நான் வீட்டுல இருந்தேன். அதுல ஒருத்தர் மட்டும் பொய் சொல்றார்.

இப்ப புயலோட கண்ணு தீவு மேல வருதுன்னு வெச்சுக்கோ. காத்து டக்குன்னு நிக்கும், சில சமயம் வானத்துல நட்சத்திரமே தெரியும், ஜனங்க கதவ தொறந்து கூரைய பாக்க வெளிய வருவாங்க. கொஞ்ச நேரம்தான். அப்புறம் காத்து எதிர்த் திசையிலேந்து திரும்ப அடிக்கும். கொலைய அந்த அமைதியில வை. மழை ரத்தத்தையும் காலடியையும் கழுவிடும், ஆனா மரத்த கழுவாது. முதல் காத்துல விழுந்த மரம் ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கும், ரெண்டாவது காத்துல விழுந்தது மறுபக்கம். பிணத்துக்கு அடியில ஒரு கிளை, மேல ஒரு கிளை, ரெண்டும் எதிரெதிரா கெடந்தா எந்த நேரத்துல செத்தார்னு ஒரு கெழவி பாத்ததும் சொல்லிடுவா, எந்த மெஷினும் வேணாம்.

துப்பறிய பெரிய ஆபீசர கொண்டு வராத, ஏர்போர்ட் தொறந்ததும் அவர் வரட்டும். அது வரைக்கும் இருக்கிற ஒரு நாள், ரெண்டு நாள்தான் உன் கதை. ஊரித் காயப் போடுற அந்த அம்மா மாதிரி ஒருத்தங்க பாக்கட்டும். செத்தவர அவங்களுக்கு எந்த வயசுலேந்து தெரியும், கடைசியா அவர்கிட்ட என்ன கடன் வாங்கினாங்க, இந்த ரெண்டையும் முதல்ல எழுதி எனக்கு அனுப்பு.