உருமாற்றக் கணக்கு: டிராகன் பால் கேள்வி–பதில்

கேள்வி: டிராகன் பால் என்ற ஜப்பானிய மாங்கா–அனிமே தொடரில், நாயகன் கோகுவைப் போன்ற சையான் இனத்தவர் சூப்பர் சையானாக உருமாறினால் பலம் 50 மடங்கு, இரண்டாம் நிலையில் 100, மூன்றாம் நிலையில் 400 என்கிறார்கள். அப்படியானால் மாஜின் பூ என்ற அரக்கனோடு மோதிய காலத்து மூன்றாம் நிலை கோகு, அதற்கு முன் செல் என்ற வில்லனை வீழ்த்திய இரண்டாம் நிலை மகன் கோஹானைவிட 4 மடங்கு பலசாலியா?

பதில்: இல்லை. எண்கள் சரிதான், 2009-இல் ஜப்பானில் வந்த கையேட்டில் இருப்பவை. ஆனால் அவை பெருக்குவது அந்த ஆளின் அடிப்படை பலத்தை. 400-ஐ 100-ஆல் வகுத்து 4 என்று சொல்ல, இருவரின் அடிப்படையும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே ஆளே வேறு. நடுவில் இறந்துபோன கோகுவுக்கு 7 ஆண்டு மேலுலகப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது.

பெருக்கல் ஒழுங்காகப் பொருந்தும் இடம் நமெக் கிரகத்துச் சண்டை. 1996 கையேட்டின்படி அங்கே கோகுவின் அடிப்படை 30 லட்சம். பலத்தைச் சற்று நேரம் பெருக்கும் கையோகென் உத்தியை 20 மடங்கு போட்டால் 6 கோடி. முழு பலத்தில் 12 கோடியான வில்லன் ஃப்ரீசாவுக்கு அது பாதிதான். சூப்பர் சையானானதும் 50 மடங்கு, அதாவது 15 கோடி. சண்டையின் போக்கு ஏன் தலைகீழானது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரே ஆள், ஒரே சண்டை என்பதால் இந்தக் கணக்கு நிற்கிறது.

இன்னொன்றும் விட்டுப்போகிறது: சக்திச் செலவு. செத்த உடம்போடு இருந்தபோது மூன்றாம் நிலையைக் கோகு தாங்கினான். அப்போதும் பூமியில் இருக்கக் கிடைத்த ஒரு நாள் அவகாசத்தை அது வேகமாகத் தின்றது. உயிர் திரும்பிய பிறகு பூவின் கடைசி வடிவத்தோடு மோதும்போது, சக்தி திரட்ட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டான். திரட்டியதைவிட வடிந்ததே அதிகம். 400 என்பது உச்சம். அந்த உச்சத்தில் எத்தனை நொடி நிற்க முடியும் என்று கேட்காமல் யார் பெரியவர் என்று பேசுவதில் பொருளே இல்லை.

கேள்வி: இன்னொரு சூப்பர் சையானான ட்ரங்க்ஸ் உடம்பை அவ்வளவு பெரிதாக்கியும் செல்லிடம் ஏன் தோற்றான்?

பதில்: அடி விழுந்தால்தானே பலம் பலிக்கும்! தசை பெருத்ததும் வேகம் குறைந்தது, ஒரு குத்துகூடச் சரியாகப் படவில்லை. செல்லே அதைச் சொல்லிக் காட்டினான். கோகு எதிர்த்திசையில் யோசித்தான்: காலப் பயிற்சி அறையில் தானும் கோஹானும் சாதாரண சூப்பர் சையான் நிலையிலேயே உண்டு உறங்கி, உடம்பின் பதற்றத்தை அடக்கினார்கள். புது உருமாற்றம் எதுவும் இல்லாமலே விரயம் குறைந்தது. முழுத் தொடரிலும் மிகப் புத்திசாலித்தனமான பயிற்சி இதுவே என்பேன்.

கேள்வி: பின்னால் வரும் நீல நிறச் சூப்பர் சையான் நிலைக்கு மேல் 10 மடங்கு கையோகென் முடிந்ததே, சாதாரண மஞ்சள் நிலையில் ஏன் போடுவதில்லை?

பதில்: மஞ்சள் நிலையில் கி என்ற உள்ளாற்றல் கொதித்துக்கொண்டிருக்கும், அதன் மேல் கையோகென் ஏற்றினால் உடம்பு சிதையும். நீலத்தில் கி அமைதியாக, கட்டுக்குள் இருப்பதால் ஹிட் என்ற எதிராளியுடன் மோதியபோது சாத்தியமானது. ஆனால் அதற்குப் பிறகு கி-யை ஆள முடியாமல் கோகு தவித்ததையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: உடம்பு ஒன்றாக இருந்தால் பலமும் ஒன்றுதானே?

பதில்: பிறர் உடம்போடு தன் உடம்பை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசாவின் ஆள் கேப்டன் கின்யுவைப் பாருங்கள். பலம் அளக்கும் கருவியான ஸ்கவுட்டரில் 1,80,000 காட்டிய கோகுவின் உடம்பைப் பறித்துக்கொண்டான். அவன் கையில் அது காட்டியது 23,000 மட்டுமே.