மைதானத்துக்குத் திரும்பியவர்கள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து ஹாக்கி ஆடுகிறாள், இப்போது மாவட்ட அணியில் இருக்கிறாள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணி பதினொரு முறை தேசிய சாம்பியன் ஆகியிருப்பதாகவும், அங்கே படித்த பலர் ஒலிம்பிக்கில் ஆடியிருப்பதாகவும் படித்தேன். நம் கல்லூரிகளால் ஏன் இது முடியவில்லை? உணவா, உடல்வாகா, கிரிக்கெட்டா? உதவித்தொகை வாங்கி மகளை அங்கே அனுப்ப முடியுமா? ஒலிம்பிக் வரைக்கும் போவாள் என்று உறுதியாகத் தெரிந்தால் கடன் வாங்கியாவது அனுப்புவேன். இல்லையென்றால் ஹாக்கியை இதோடு நிறுத்திவிட்டு நீட்டுக்குப் படிக்கட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் கருத்து தேவை.

ந., கோவில்பட்டி

அன்புள்ள ந.,

விளையாடிய பெண்கள் விளையாட்டை விட்ட பிறகு எங்கே போகிறார்கள் என்பது கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உடல்வாகு, உணவு என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். 2019 நவம்பரில் புவனேஸ்வரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நம் பெண்கள் இதே அமெரிக்காவை 5-1 என்று அடித்தார்கள். மறுநாள் அமெரிக்கா 4-1 என்று திருப்பி அடித்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. ராணி ராம்பால் கடைசிக் கால்பகுதியில் போட்ட ஒரு கோல்தான் வித்தியாசம். நாம் டோக்கியோ போய் நான்காவது இடம் பிடித்தோம், அவர்கள் வீட்டில் இருந்தார்கள். 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த தகுதிச் சுற்றில் கதை மாறியது. முதல் ஆட்டத்திலேயே அமெரிக்கா நம்மை 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலைப் போட்ட அபிகெயில் டேமர் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழக மாணவி. கடைசி ஆட்டத்தில் ஜப்பானிடமும் அதே 1-0 என்று தோற்றோம். அவர்கள் பாரிஸ் போனார்கள், நாம் போகவில்லை. ஒரு கோல் இந்தப் பக்கம், ஒரு கோல் அந்தப் பக்கம். இதில் உடல்வாகு எங்கே வந்தது? ஆசிரியராக இருந்துகொண்டு இதைப் பிள்ளைகள் காதில் விழும்படி பேசாதீர்கள்.

கிரிக்கெட்டைத் திட்டவும் எனக்கு மனமில்லை. அங்கேயும் ஹாக்கியை மூலையில் தள்ள நான்கு பெரிய விளையாட்டுகள் இருக்கின்றன.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஹாக்கி பெண்களின் ஆட்டம். கல்லூரிகளின் தேசியப் போட்டியே பெண்களுக்கு மட்டும்தான். 1901இல் கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற இங்கிலாந்துக்காரப் பெண் ஹார்வர்டில் ஒரு கோடை வகுப்புக்கு வந்த இடத்தில் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். பிறகு பெண்கள் கல்லூரி ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார். பிரின் மார் கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 107 வயது வரை இருந்தார். அவரிடம் கற்றவர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியைகளாகப் போனார்கள். அரசாங்கப் பணமோ பரிசுக் கோப்பையோ வருவதற்கு வெகு காலம் முன்பே, பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு என்று இந்த ஆட்டம் கைமாறிக்கொண்டே வந்தது.

1972இல் ஒரு சட்டம் வந்தது, டைட்டில் நைன் என்பார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிலையம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்ற சட்டம். அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அதை வைத்துத்தான் பெண்கள் அணிகளுக்கு மைதானமும் பேருந்தும் உதவித்தொகையும் வந்தன. இதை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் அதன் பின்னால் நடந்த ஒன்றை யாரும் பேசுவதில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சி கொடுத்தார்கள். சட்டம் வந்து, பணம் வந்து, பயிற்சியாளர் வேலைக்கு நல்ல சம்பளமும் வந்த பிறகு ஆண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். இன்று பாதிக்கும் குறைவான அணிகளில்தான் பெண்கள் பயிற்சியாளர்கள். ஆடுகிற பெண்கள் பெருகினார்கள், சொல்லிக்கொடுக்கிற பெண்கள் சுருங்கினார்கள்.

ஹாக்கி இதில் பெரும்பாலும் தப்பித்தது. அந்த நாட்டில் ஆண்கள் ஹாக்கி வேரூன்றவே இல்லை என்பதால், வரிசையில் வந்து நிற்க ஆண்கள் குறைவு. (1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நாம் அவர்களை 24-1 என்று தோற்கடித்தோம். ரூப் சிங் பத்து, தயான் சந்த் எட்டு.) இந்தத் தற்செயல்தான் நீங்கள் வியக்கிற வட கரோலினாவின் அடித்தளம் என்று நான் நம்புகிறேன்.

கேரன் ஷெல்டன் பென்சில்வேனியாவில் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் ஆடியவர். 1981இல் வட கரோலினாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். அவருக்கு ஒரு வருடம் முன்னால் பெத் ஆண்டர்ஸ் வர்ஜீனியாவில் நார்ஃபோக் நகரத்து ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தார். இருவருமே அப்போது தேசிய அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் ஹாக்கி சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்களுடைய அரசு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. பாஸ்கரன் தலைமையில் நம் ஆண்கள் தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக். அந்தத் தங்கத்தை நினைக்கும்போதெல்லாம், மட்டையைக் கட்டி வைத்துவிட்டு வீட்டில் இருந்த அந்தப் பெண்களையும் நான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இன்னும் நான்கு வருடம் காத்திருந்தார்கள்.

1984இல் ஒலிம்பிக் ஹாக்கி நடந்த இடமே ஒரு கல்லூரி மைதானம்தான், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியின் வைன்கார்ட் ஸ்டேடியம். ஆறு அணிகள். தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டு அமெரிக்கப் பெண்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்து ஆஸ்திரேலியாவை 2-0 என்று வென்றதும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் புள்ளியிலும் கோல் கணக்கிலும் சமமாகிவிட்டன. வெண்கலம் யாருக்கு என்று பெனால்டி ஸ்ட்ரோக் அடித்துத் தீர்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து அடித்தார்கள். 10-5. அமெரிக்கப் பெண்கள் ஹாக்கிக்கு இன்றுவரை கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அந்தத் தொடரில் அதிக கோல் போட்டவர் ஆண்டர்ஸ், எட்டு கோல். அந்த அணிக்குப் பயிற்சியாளர் வோனி க்ரோஸ், வெஸ்ட் செஸ்டரில் ஷெல்டனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியை.

பதக்கத்தோடு அவர்கள் எங்கே போனார்கள்? மறுபடியும் கல்லூரிக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம். ஆண்டர்ஸின் கல்லூரி ஒன்பது முறை சாம்பியன் ஆனது. ஷெல்டனின் கல்லூரி பத்து முறை. 1989, 1990, 1991 மூன்று வருடமும் இறுதியாட்டத்தில் இந்த இரண்டு கல்லூரிகளே மோதின. ஒரே அணியில் வெண்கலம் வென்ற இரண்டு பேர் எதிரெதிர் கோட்டில் நின்று தங்கள் பிள்ளைகளை ஆடவிட்டார்கள். ஆண்டர்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார், ஷெல்டன் நாற்பது வருடத்துக்கு மேல். ரேச்சல் டாசனும் கேட்லின் ஃபல்கோவ்ஸ்கியும் ஷெல்டனிடம் வளர்ந்தவர்கள், ஆளுக்கு மூன்று ஒலிம்பிக் ஆடினார்கள். 2022 முடிவில் ஷெல்டன் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு எரின் மேட்சன் வந்தார். நான்கு முறை சாம்பியன் ஆன அவருடைய மாணவி, வயது 22. தன்னோடு ஆடிய பெண்களுக்கே பயிற்சியாளராகி, முதல் வருடமே, 2023இல், பதினொன்றாவது பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது உங்கள் "உறுதி"க்கு வருகிறேன். இந்த எரின் மேட்சன், அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி கண்ட மிகச் சிறந்தவர்களில் ஒருவர், பாரிஸ் ஒலிம்பிக் அணியில் இல்லை. கேட்கிறதா? அவருக்கே உறுதி இல்லை. உங்கள் மகளுக்கு யார் எழுதிக் கொடுப்பது? கல்லூரி ஒரு பெண்ணை 22 வயது வரை வைத்திருக்கும், அதிலும் பருவம் என்பது ஆகஸ்ட் முதல் நவம்பர் வரைதான். ஹாக்கியில் ஆட்டம் முதிர்வது அதற்குப் பிறகு. நெதர்லாந்தில் கிளப் இருக்கிறது, அங்கே ஆடலாம். அமெரிக்காவில் பட்டம் வாங்கிய பிறகு ஆட அப்படி ஒரு லீக் கிடையாது. அவ்வளவு நல்ல கல்லூரிகள் இருந்தும் ஒரே வெண்கலம் என்பதற்கு இது பெரிய காரணம். ஆகவே ஒலிம்பிக்கை வைத்து அந்தக் கல்லூரிகளை அளக்காதீர்கள். அவை தவறாமல் உண்டாக்கியது ஒன்றுதான்: சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண்கள்.

நான் படித்த மகளிர் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா ஒருவர் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். செம்மண் தரை, கூழாங்கல் பொறுக்கிவிட்டுத்தான் ஆட்டம். மாலையில் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைப்பார். "இடது கை திருப்பணும், வலது கை சும்மா தாங்கணும். வலது கையை இறுக்குனா பந்து உன் பேச்சக் கேக்காது." ஒரே வாரத்தில் மட்டையே பிடித்திராத என்னைப் பந்தை நிறுத்த வைத்தார். அவ்வளவு நல்ல ஆசிரியையை நான் பிறகு பார்த்ததில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவருக்கு ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. வீட்டில் அவர்தான் முதல் மாதச் சம்பளக்காரர், அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடம் கழித்து அந்த அலுவலகத்தில் கோப்பு அலமாரிகளுக்கு நடுவே அவரைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அலுவலகத்துக்கு எதிரே ஒரு பள்ளி மைதானம். அங்கே விளையாட்டு வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்தது அத்தனையும் சாலையின் இந்தப் பக்கம், பிள்ளைகள் அந்தப் பக்கம். "யாராவது கேட்டாங்களாக்கா?" என்றேன். "யாரு கேப்பா?" என்றார்.

சார், விளையாட்டுக்காக வேலை கொடுத்துவிட்டு, விளையாட்டைவிட்டே ஆளைப் பிரித்து வைப்பதற்கு நாம் பழகிவிட்டோம். ரயில்வேயும் போலீசும் எத்தனையோ வீராங்கனைகளுக்குச் சோறு போட்டிருக்கின்றன, அதற்குக் கைகூப்புகிறேன். ஆடி முடித்த பிறகு அவர்களைப் பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது யார் வேலை? உங்கள் ஊரில் செயற்கைப் புல்தரை வந்துவிட்டது. தரை வந்தால் போதுமா? அந்தத் தரையில் உங்கள் மகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்த பெண் யார், அப்படி ஒருவர் இருந்தாரா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பதினொரு பட்டத்தை எண்ணினீர்கள், அதன் பின்னால் நாற்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற பெண்ணை விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பெண்கள் ஹாக்கி உள்பட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பணக்காரக் கல்லூரி! முன்னாள் வீரர்களும் வீராங்கனைகளும் திரண்டு சண்டை போட்டார்கள். அடுத்த வருடம் அந்த முடிவைக் கைவிட வைத்தார்கள். ஆடியவர்கள் ஆட்டத்தோடு தொடர்பு விடாமல் இருந்தால் இப்படி நடக்கும்.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளை அங்கே எடுக்கிறார்கள்தான், நெதர்லாந்து, ஜெர்மனி, அர்ஜென்டினாவிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் நீண்ட காலம் ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகை என்பதுதான் உச்சவரம்பு, அதை இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது விதி மாறியிருக்கிறது, இருந்தாலும் எல்லோருக்கும் முழுப் பணம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மீதியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஒரு பள்ளி ஆசிரியர் ஒலிம்பிக் கனவுக்காக அந்தக் கடனை வாங்க வேண்டாம். அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை, அந்தப் படிப்பு அவளுக்கு வேண்டும் என்றால் அது வேறு கணக்கு, அதைத் தனியாகப் போடுங்கள்.

நீட் படிக்கட்டும், படிக்காமல் போகட்டும், அது அவள் விருப்பம். ஹாக்கியை நிறுத்தும் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். எந்தக் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாலும், பணம் கட்டும் முன்னால் அங்கே பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுப்பது யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். இந்தக் கோடையில் உங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நாலு பேரை அவளிடம் விடுங்கள், காலையில் ஒரு மணி நேரம் அவள் சொல்லிக் கொடுக்கட்டும். மட்டை பற்றாவிட்டால் எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள், நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்.