கடலில் எண்ணெய்: மருந்து அடித்தால் போதுமா?

கேள்வி: 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்ததே, கப்பலில் வந்து எண்ணெயைக் கலைக்கும் ரசாயன மருந்து அடிக்காமல் அரசு தூங்கிவிட்டது என்கிறார் என் மைத்துனர். சரியா?
– வாசகர், திருமருகல்

பதில்: தாமதம் என்று திட்டட்டும், மருந்து விஷயத்தில் மைத்துனர் சொல்வது தப்பு. அது எண்ணெயை அழிப்பதில்லை. பொடித்துளியாக உடைத்துத் தண்ணீருக்குள் இறக்குகிறது. ஆழக்கடலில் கலைந்துபோகும். ஆழமில்லாத கரையோரத்தில் இறால் குஞ்சு, நண்டின் மேல்தான் போய் விழும்.

எண்ணெய் பரவாமல் மறிக்க நீரில் கட்டும் மிதவைத் தடுப்பும் அலை உடையும் இடத்தில் நிற்காது. நீரோட்டம் மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டரைத் தாண்டினால், நேர்குறுக்கே கட்டிய மிதவையின் அடிவழியே எண்ணெய் நழுவிவிடும். அதைக் கட்ட வேண்டியது வெட்டாற்று முகத்துவாரத்தில். நீரோட்டத்துக்குச் சாய்வாக, கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவதற்கு முன். மணலில் ஜேசிபியை இறக்கினால் எண்ணெய் அடியில் புதையும் (வேலை நடப்பதுபோல் தெரியும், அவ்வளவுதான்). மேல்மண்ணை மட்டும் மண்வெட்டியால் சுரண்டி அள்ள வேண்டும்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. எண்ணெய்க் கசிவைச் சமாளிப்பதற்கான தேசியத் திட்டப்படி கடலில் ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. ஆனால் 700 டன் வரையிலான கசிவுக்குத் துறைமுகமும் எண்ணெய் கையாளும் நிறுவனமுமே தளவாடம் வைத்திருக்க வேண்டும். கசிவைச் சமாளிக்கும் கடைசி ஒத்திகை எப்போது, மிதவை எத்தனை மீட்டர் இருப்பு என்று கலெக்டரிடம் மனுப் போடச் சொல்லுங்கள். நஷ்டஈடு கேட்பவர்கள் கரையில் ஒதுங்கிய எண்ணெயின் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, தேதி, நேரம், இடம் எழுதி, சாட்சியோடு சீல் வைக்கட்டும். பிளாஸ்டிக் புட்டி வேண்டாம்.