பதில்: சிக்னலில் பேனா விற்கும் பையன்

கோயம்பேடு சிக்னலில் ராத்திரி 11 மணிக்கும் பேனா விற்கும் பையனை வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு, ஆனால் வேண்டாங்க, யாருக்கும் தகவல் சொல்லாமல் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டால் சட்டம் உங்கள் மேலேயே பாயும். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். எந்த இடம், எந்த நேரம், பக்கத்தில் அவனைக் கண்காணித்தபடி பெரியவர்கள் யாராவது நிற்கிறார்களா என்பதையெல்லாம் விவரமாகச் சொல்லுங்கள். மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும், பெற்றோரிடம் அனுப்புவதா குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதா என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். அப்புறம், அவனைப் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள், அவனை அங்கே நிறுத்தியவன் பார்த்தால் அடி விழுவது பையனுக்குத்தான். யாரும் வரவில்லையென்றால் மறுபடியும் அழையுங்கள், விடாதீர்கள்.